பொட்டு வைக்க ஒரு கை போதும்

கேள்வி:

எனக்கு 48 வயது. ஊர் திருவட்டார் பக்கம். 20 வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரித்தேன். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறி இப்போது நடக்கிறேன். வலது கையை நெஞ்சு உயரம் வரைக்கும் தூக்க வருகிறது, ஆனால் விரல் மடங்கினால் தானாக விரிய மாட்டேன் என்கிறது. காலையில் எனக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, கண்ணெழுதி, பொட்டு வைத்து விடுவது என் மகள்தான். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு ஒரு பொட்டு வைக்கக்கூட நான் பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் இருட்டோடு ரப்பர் வெட்டப் போய்விடுவார். அவரிடம் சொன்னால் "இனி யாருக்க கண்ணுக்கு எளா இதெல்லாம்" என்கிறார். முடி இடுப்பு வரைக்கும் உண்டு, அதை வெட்டிவிடச் சொல்கிறார்கள். என்னைப் போல் கை உள்ளவர்களுக்கென்று பவுடர், மை எல்லாம் வருகிறதா? இதைக் கேட்பதே தப்பா? இடது கை பெருவிரலும் இப்போது வலிக்கத் தொடங்கியிருக்கிறது.

பதில்:

அக்கா, உங்கள் கடிதத்தை வாசிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம், எல்லாம் இடது கையால். முதல் பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடுகிறது. மூன்றாம் பக்கம் வரும்போது 'ழ'வுக்குக் கீழே சுழி கூடச் சரியாக விழுந்திருக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை விட இந்த மூன்று பக்கம் எனக்கு அதிகம் சொல்லிவிட்டது. ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் இவ்வளவு பழகிக்கொள்கிற இடது கைக்குக் கண்மையும் பொட்டும் பெரிய விஷயமே இல்லை, அதற்கு வழி செய்துகொடுப்பதுதான் பாக்கி. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, தலை வாருவது போன்ற அன்றாடக் காரியங்களை நோயாளியின் கைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலையே, அதனால் நீங்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்பது தப்பா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் அந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரோக் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1965-இல் வெளிவந்தது, உலகம் முழுக்க இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் மொத்தம் 10 காரியங்கள். சாப்பிடுவது, நடப்பது, படியேறுவது, கழிப்பறைக்குப் போவது இவற்றோடு ஒன்றாகத் தன்னைத் தானே சீர்படுத்திக்கொள்வதும் உண்டு. முகம் கழுவுவது, பல் தேய்ப்பது, தலை வாருவது எல்லாம் அதற்குள் வரும். பெண் நோயாளியைப் பற்றி அந்தக் குறிப்பில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்: மேக்கப் போடும் வழக்கம் உள்ளவர் என்றால் அதை அவரே போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் மதிப்பெண். பின்னல் போடத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தப் பின்னல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். 60 வருஷமாக வைத்தியமே இதை ஒரு தேர்ச்சியாக எண்ணி எழுதி வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்? உங்கள் வீட்டுக்காரர், அதாவது அண்ணன், சொன்னதை நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஒன்று அவரிடம் சொல்லுங்கள். 20 வருஷம் ஒரு பருப்பு உடையாமல் தோல் உரித்த கைக்கு, தன் முகத்தைத் தானே தொட்டுத் திருத்திக்கொள்ள ஆசை வருவதில் யார் கண்ணும் சம்பந்தப்படவில்லை. நோய்க்கு முன்னால் கண்ணாடியில் பார்த்த அதே ஆளை மறுபடி பார்ப்பதற்காகத்தான் அது.

அடுத்து, இப்படிப்பட்ட கைக்கென்று சாமான் வருகிறதா என்ற கேள்வி. வருகிறது, ஆனால் நம்ம ஊர் ஃபேன்சி ஸ்டோருக்கு வருவதில்லை. 2023 ஜனவரியில் லோரியல் கம்பெனி ஹாப்டா என்று ஒரு கருவியை அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் காட்டியது. லிப்ஸ்டிக்கை அதில் மாட்டிக்கொண்டால் கை நடுங்கினாலும் கருவி தானே ஈடுகட்டி லிப்ஸ்டிக்கை ஆடாமல் நிறுத்தும், கை நடுங்குபவர்கள் சாப்பிடுவதற்காக முன்பே செய்திருந்த கரண்டியின் நுட்பம்தான் அதற்கு அடிப்படை. பார்க்கின்சன்ஸ் என்ற நரம்பு நோய் வந்து கை நடுங்கத் தொடங்கிய டெர்ரி பிரையன்ட் என்ற மேக்கப் கலைஞர் 2020-இல் கைட் பியூட்டி என்று ஒரு கம்பெனியே தொடங்கிவிட்டார், விரலுக்கு வாகாகப் பிடிமானம் வைத்துக் கண்மைக் கருவிகள் செய்கிறார்கள். ஓலே கம்பெனி 2021-இல் தன் கிரீம் டப்பாவுக்கு இரண்டு பக்கமும் சிறகு வைத்த மூடி ஒன்று செய்து, அந்த வடிவத்தை மற்ற கம்பெனிகளும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்தது. இதையெல்லாம் வாங்குங்கள் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. மூடி திறக்கவில்லை என்றால் குறை மூடியில்தான் என்று பெரிய கம்பெனிகளே ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பழமொழி சொல்வார்கள் இல்லையா, இந்த விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல்தான் அக்கா. இரண்டு கையும் பத்து விரலும் நல்ல பார்வையும் உள்ள ஒருத்தியை மனசில் வைத்து அந்த டப்பாவைச் செய்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது ஷாம்பு பாக்கெட். அது நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள் நாட்டுக்குக் காட்டிய வழி. கடலூர் சின்னி கிருஷ்ணன் பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களும் வாங்கட்டும் என்று சின்னப் பாக்கெட்டில் போட்டார், அவர் மகன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். கூலி வேலைக்குப் போகிறவர் கைக்கு ஷாம்பு வந்தது அப்படித்தான். ஆனால் நனைந்த ஒரு கையால் அதைக் கிழித்துப் பாருங்கள், நடக்காது. என்னிடம் வரும் ஸ்ட்ரோக் நோயாளிகளில் பாதிப்பேர் பல்லால்தான் கிழிக்கிறார்கள். காசுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

சரி, வழிக்கு வருவோம். நான் சொல்லப்போவது முழுக்க ஒரே ஒரு யோசனைதான், மற்றதெல்லாம் அதன் கிளைகள். உங்கள் அடுக்களையில் அருவாமனை இருக்கும். கத்தி என்றால் ஒரு கை காயைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கத்தியை நகர்த்த வேண்டும். அருவாமனையில் கத்தி அசையாது, நாம் காலால் பலகையை அழுத்திக்கொண்டு காயை அதன்மேல் கொண்டுபோகிறோம். நம் பாட்டிமார் இதைக் கண்டுபிடித்து எத்தனை நூற்றாண்டு ஆகிறதோ! அலங்காரத்துக்கும் அதேதான். டப்பாவையும் சீப்பையும் கண்ணாடியையும் எங்காவது ஆடாமல் நிறுத்திவிட்டு, நகர வேண்டியதை உங்கள் இடது கையும் தலையும் உடம்பும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் இடம். நின்றுகொண்டு, சுவரில் தொங்கும் கண்ணாடியைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். மேஜை ஒன்றும் கை வைத்த நாற்காலி ஒன்றும் போதும், மேஜை உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். தானாக நிற்கிற கண்ணாடி ஒன்று வாங்குங்கள். வலது கையை மடியில் தொங்கவிடாமல் மேஜைமேல், ஒரு மடித்த துண்டின் மீது வையுங்கள், தோளுக்கும் அதுதான் நல்லது. யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உதவ வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் நழுவி வலி வரும், அந்த வலியோடு பிறகு மாதக்கணக்கில் கிடக்க வேண்டிவரும். மேஜைமேல் ஒரு ஈரத்துணியை விரித்துவிட்டால் டப்பாக்கள் வழுக்காது. எண்ணெய்க் கிண்ணத்துக்கு இன்னும் நல்லது சும்மாடு. தலையில் சுமை வைக்கச் சுருட்டுவோமே, அதே மாதிரி ஒரு துண்டை வளையமாகச் சுருட்டி மேஜையில் வைத்து அதற்குள் கிண்ணத்தை வைத்தால் நீங்கள் விரலால் அழுத்தி எண்ணெய் எடுத்தாலும் கவிழாது. தேங்காயெண்ணெயைக் குறுகலான வாய் உள்ள பாட்டிலிலிருந்து தலைகீழாகப் பிடித்து அமுக்கி எடுக்கும் அவஸ்தையும் அதோடு போயிற்று.

அப்புறம் மூடிகள். இங்கேதான் உங்கள் வலது கைக்கு வேலை வருகிறது. விரல் மடங்கினால் விரியவில்லை என்கிறீர்கள். அதாவது பிடித்தால் விடாது. பாட்டிலை இடது கையால் எடுத்து வலது கைக்குள் மெதுவாகச் செருகி, அந்தக் கையை மேஜைமேல் ஊன்றிவிட்டால் அது பாட்டிலை அசையாமல் வைத்திருக்கும், இடது கையால் மூடியைத் திருகலாம். முடிந்ததும் இடது கையால் விரல்களைப் பெருவிரல் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்லப் பிரித்து எடுங்கள், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அந்தக் கையை விழுந்துவிட்ட கை என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அதை உதவிக் கை என்று சொல்வோம், சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை, தினமும் பத்துத் தடவை ஒரு வேலைக்குள் இழுக்கப்படும் கையும் ஒரு வருஷம் மடியில் கிடக்கும் கையும் ஒன்றாக இருப்பதில்லை. அது களைத்துப்போகும் நாளில் மேஜை இழுப்பறையைப் பாதி திறந்து, பாட்டிலை உள்ளே நிறுத்தி, இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி இறுக்கிக்கொண்டு மூடியைத் திருகுங்கள். வழுக்கும் மூடிக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக்கொண்டால் பிடி கிடைக்கும்.

ஆனால் திறக்கவே வேண்டாத டப்பா எல்லாவற்றையும் விடச் சிறந்தது. ஷாம்பு, பாடி லோஷன், சோப்பு எல்லாவற்றையும் பம்ப் வைத்த பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பம்ப்பை உள்ளங்கையால், மணிக்கட்டால், தேவைப்பட்டால் முழங்கையால் கூட அழுத்தலாம், விரலே வேண்டாம். பாக்கெட்தான் கட்டுப்படியாகும் என்றால் அதையே வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருக்கும்போது பத்துப் பாக்கெட்டைக் கத்தரித்துப் பம்ப் பாட்டிலில் ஊற்றித் தரட்டும். பல்லால் மட்டும் இனிமேல் கிழிக்க வேண்டாம்.

உங்கள் இடது பெருவிரல் வலியும் இதோடு சேர்ந்ததுதான். வலது கையின் வேலையும் சேர்ந்து அதன் தலையில் விழுந்திருக்கிறது, அதிலும் நுனிவிரலால் கிள்ளிப் பிடிக்கும் வேலைகள் பெருவிரல் அடிமூட்டை நன்றாகவே பதம் பார்க்கும். மெல்லிய பிடியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு பாரம். அதனால் சீப்பு, கண்மைக் குச்சி, பிரஷ் எல்லாவற்றின் பிடியையும் தடிமனாக்குங்கள். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சுக் குழாய் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், ஓர் அடி நீளம் வாங்கினால் வீட்டில் உள்ள எல்லாப் பிடிக்கும் போதும். ஓட்டையில் செருகினால் வேலை முடிந்தது, லூசாக இருந்தால் பிடியில் கொஞ்சம் துணி சுற்றிச் செருகுங்கள். முடக்குவாதம் வந்து இரண்டு கை விரலும் வீங்கியவர்கள் இதை வாசித்தால் உங்களுக்கும் இதே குழாய்தான். விரலே மடங்காதவர்கள் கடையில் வெல்க்ரோ பட்டை வாங்கி, உள்ளங்கையைச் சுற்றிக் கட்டி, உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்னப் பை தைத்து அதில் சீப்பையோ பிரஷையோ செருகிக்கொள்ளலாம், எந்தத் தையல்காரரும் அரைமணி நேரத்தில் தைத்துவிடுவார்.

இனி பவுடர். தகர டப்பாவைக் குலுக்கிக் கையில் கொட்டும் முறைக்கு இரண்டு கை வேண்டும், அதை விட்டுவிடுங்கள். வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பவுடரைக் கொட்டி, அதற்குள் ஒரு பஃப் போட்டு வைத்தால் ஒரு கை போதும். பஃப்புக்குப் பின்னால் ஓர் எலாஸ்டிக் தைத்துவிட்டால் விரலைச் செருகிக்கொள்ளலாம், கிள்ளிப் பிடிக்க வேண்டாம்.

கண்மைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இடது கை இன்னும் முழுசாகப் பழகாத நிலையில் கூர்முனைப் பென்சிலும் லிக்விட் லைனரும் கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். நம்ம பழைய மை டப்பா இருக்கிறதே, விரல்நுனியில் தொட்டு எழுதுவது, அதுதான் இப்போதைக்கு நல்லது. கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், நகம் வளர்ந்திருக்கக் கூடாது. இடது முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள், உயரம் போதவில்லை என்றால் இரண்டு தடித்த புத்தகத்தை அடியில் வையுங்கள். சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றுங்கள். இப்போது கை மூன்று இடத்தில் நிற்கிறது, ஆடாது. கையை இழுக்காமல் விரலை இமையோரத்தில் வைத்தபடி முகத்தை மெல்லத் திருப்புங்கள். அதே அருவாமனைதான். முதல் வாரம் இடது கண்ணுக்கு மட்டும் பழகுங்கள், வலது கண்ணுக்கு மகள் எழுதட்டும், அடுத்த வாரம் அதையும் நீங்களே எழுதிவிடுவீர்கள். கன்னத்தில் மை அப்பிவிட்டால் துடைக்கப் பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும், எரியும் கிளென்சர் ஒன்றும் வேண்டாம்.

பொட்டுக்கு உங்கள் வீட்டுக் கண்ணாடியே வழி காட்டும். தமிழ்நாட்டில் எந்த வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஓரத்தில் நாலு பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். ஒரு கையால் அட்டையிலிருந்து பொட்டு உரிப்பதுதான் கஷ்டம், கண்ணாடியிலிருந்து எடுப்பது லேசு. வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ஏழு பொட்டு உரித்துக் கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்தால் போதும். யாரும் இல்லை என்றாலும் அட்டையை மேஜை விளிம்பில் வைத்து, வலது கையின் பாரத்தை அதன்மேல் போட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைக் கீழே வளைத்தால் பொட்டின் ஓரம் தானே கிளம்பும். குங்குமம் வைப்பவர் என்றால் வாய் அகன்ற சிமிழ், மோதிரவிரல், வேறென்ன வேண்டும்.

முடியைப் பற்றி. வெட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்யுங்கள். பார்த்துக்கொள்பவரின் வசதிக்காக நோயாளியின் முடியை வெட்டிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது, அந்தப் பெண்கள் பிறகு கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், இடுப்பு வரைக்கும் உள்ள முடியில் ஒரு கையால் மூன்று கால் பின்னல் போடுவது நடக்காது, அதற்காக நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பார்த்தெல் அளவுகோலே அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. முடி முழுவதையும் இடது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, நுனியிலிருந்து மேலே மேலே வாருங்கள், சிக்கெடுக்க அகலப் பல் சீப்பு. பிறகு தலையைக் குனிந்து, முடியைப் பின்னால் தள்ளி, ஒரு கையாலேயே முறுக்கிச் சுருட்டிப் பெரிய கிளட்ச் கிளிப் போட்டால் கொண்டை. கிளிப்பின் ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இல்லாததாகக் கடையிலேயே இடது கையால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். முதல் பத்து நாள் கொண்டை சரியும், சரியட்டும். பூ வைக்க வேண்டுமென்றால் தலையில் வைத்து ஊசி குத்தப் பார்க்காதீர்கள், தோவாளைப் பிச்சிச் சரத்தை மேஜைமேல் வைத்து முதலில் கிளிப்பிலேயே சுற்றிக் கட்டிவிடுங்கள், கிளிப்பைப் போடும்போது பூவும் சேர்ந்து தலைக்குப் போகும்.

குளிக்கும்போது ஒன்று கவனித்திருப்பீர்கள், கஷ்டம் வலது கையைக் கழுவுவதில் இல்லை, நல்ல கையான இடது கையையும் அதன் அக்குளையும் கழுவுவதில்தான். ஏனென்றால் அதைத் தேய்க்க இன்னொரு கை இல்லை. சோப்புப் போட்ட துணியைத் தொடைமேல் விரித்து, இடது முன்கையை அதன்மேல் தேயுங்கள். அக்குளுக்குப் பீர்க்கங்காய் நாரை ஒரு நீளக் குச்சியில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீரின் சூட்டை எப்போதும் இடது கையால் பாருங்கள், வலது பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் பொள்ளுவது தெரியாது.

அந்த வலது கைக்கும் அலங்காரம் உண்டு அக்கா, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூடியே இருக்கும் உள்ளங்கையில் வியர்வை தங்கி நாற்றம் வரும், நகம் உள்ளே குத்திப் புண்ணாகும். தினமும் விரித்துக் கழுவி, இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். நகம் வெட்ட நெயில் கட்டரை ஒரு சின்னப் பலகையில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, அதன் நெம்புகோலின் மேல் ஓர் அகலக் கட்டையை ஒட்ட வேண்டும். அப்போது இடது கை நகத்தையும் நீங்களே வெட்டலாம், வலது கையின் பாரத்தால் கட்டையை அமுக்கினால் போதும். இந்தப் பலகையை அண்ணனிடம் செய்யச் சொல்லுங்கள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவுகிற கை அவருடையது, இதைவிடச் சுத்தமாக வேறு யாரும் செய்துவிட முடியாது, அதோடு இதில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடும். பிறகு அந்த வலது கையை மேஜைமேல் பரத்தி வைத்து, இடது கையால் நகப்பூச்சு போடுங்கள். பாட்டில் ஆடாமல் நிற்க ஒரு தெர்மோகோல் துண்டில் குழி வெட்டி அதற்குள் நிறுத்துங்கள். நகப்பூச்சு போட்ட கையை ஆள் அடிக்கடி பார்ப்பார், பார்க்கிற கையைத்தான் வேலைக்குக் கூப்பிடவும் தோன்றும்.

ஆண்களும் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன், தோளில் அடிபட்டு ஒரு கை போனவர், மீசையை யாரோ ஒருவர் திருத்தி விடுவதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று என்னிடம் அழுதார். அவருக்கு ஒரு பேட்டரி டிரிம்மரும் நிற்கிற கண்ணாடியும் போதுமாயிருந்தது. பிளேடு ரேசரை மட்டும் பழகாத கையில் எடுக்காதீர்கள்.

ஒரு சட்ட விஷயமும் சொல்ல வேண்டும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, எல்லாரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருள்கள் உருவாகவும் விற்பனைக்கு வரவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பவுடர் டப்பாவும் நுகர்பொருள்தான். அதனால் ஒரு மூடி திறக்கவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண் டப்பாவின் பின்னால் இருக்கும், அழைத்துச் சொல்லுங்கள். நானும் அழைத்திருக்கிறேன். ஒரு தடவை எதிர்முனையில் இருந்த பெண் "வீட்டில் யாரும் திறந்து தர மாட்டார்களா மேடம்" என்று கேட்டார். அந்தக் கேள்வி மாறும்வரை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் விண்ணப்பியுங்கள், ஸ்ட்ரோக்கால் வந்த கை இயலாமைக்கும் அது உண்டு. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதமோ அதற்கு மேலோ இயலாமை என்று சான்று இருந்தால் கிடைக்கும். பிசியோதெரபிக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள், கிராம செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

கல்யாண நாளுக்கு வருகிறேன். பட்டுச் சேலையின் கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்துத் தரச் சொல்லுங்கள், இப்போது நிறையத் தையல் கடைகளில் செய்கிறார்கள். ஜாக்கெட் முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும், போடும்போது வலது கையை முதலில் நுழைத்துக்கொள்ளுங்கள், கழற்றும்போது அது கடைசி. வலது கை சாயங்காலம் வீங்குகிற கை என்றால் அதில் இறுக்கமான வளையல் வேண்டாம், இடது கையில் நிறையப் போட்டுக்கொள்ளுங்கள், அதையும் முதல் நாளே யாராவது போட்டு விடட்டும். ஒன்றையும் அன்றைக்குப் புதிதாக முயற்சி செய்யாதீர்கள். தைக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழு அலங்காரத்தையும் கடிகாரம் பார்த்துச் செய்து பழகுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்தால் சரி. அன்றைக்கு மகள் உங்களுக்குக் கண்ணெழுத ஆசைப்பட்டால் எழுதட்டும், கொண்டையும் கட்டட்டும். முடியாமல் பிறரிடம் விடுவது வேறு, முடிந்தும் ஆசைக்கு விட்டுக்கொடுப்பது வேறு, அந்த வித்தியாசம் அவளுக்கும் தெரிய வேண்டும், அவள் போகிற வீட்டில் நிம்மதியாக இருப்பாள்.

பெருவிரல் வலி மட்டும் பிடிகளைத் தடிமனாக்கிய பிறகும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். விரலைத் தாங்கிப் பிடிக்கச் சின்னதாக ஒரு ஸ்ப்ளின்ட் போட்டால் அநேகமாகச் சரியாகிவிடும், ஆனால் தள்ளிப்போட வேண்டாம், இப்போதைக்கு உங்களுக்கு வேலை செய்வது அந்த விரல்தான்.